பிரிட்டனில் குடும்ப மருத்துவராக வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மதுரைப் பக்கத்து ஆள். அங்கே படித்து, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது வட இங்கிலாந்தில் ஜி.பி.யாக, அதாவது குடும்ப மருத்துவராக, இருக்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டுமுன், டாக்டர்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யின் தளத்தையும் அரசுத் தளத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஜி.பி. என்றால் நம்மூர் எம்.பி.பி.எஸ். டாக்டர் மாதிரிதானே அண்ணா?

இல்லை தம்பி. இங்கே அது தனித் துறை. 3 ஆண்டுப் பயிற்சி, ஜி.பி.க்களின் ராயல் காலேஜ் நடத்தும் எம்.ஆர்.சி.ஜி.பி. தேர்வு, அப்புறம் ஜி.எம்.சி.யின் ஜி.பி. பதிவேட்டில் பெயர், இங்கிலாந்தில் என்றால் அதற்கு மேல் பெர்ஃபார்மர்ஸ் லிஸ்ட் என்ற அனுமதிப் பட்டியல். இவ்வளவும் ஆனபிறகுதான் தனியாக நோயாளி பார்க்கலாம்.

நம்மூரில் தலைவலி என்றால் நேராக நியூராலஜிஸ்ட்டிடம் டோக்கன் போடுவோம். இங்கத்திய அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் அது நடக்காது. அவசர சிகிச்சையும் வேறு சில சேவைகளும் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் முதலில் ஜி.பி.தான். குழந்தையின் உடம்பில் தடிப்பு, பாட்டி கீழே விழுந்தது, கருத்தடை மாத்திரை, மனச்சோர்வு, மூன்று மாதமாகப் போகாத இருமல் என்று எல்லாம் ஒரே காலையில் வரும். பெரும்பாலும் ஒன்றுமில்லாதவற்றுக்கு நடுவே அந்த ஒரு புற்றுநோயைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் வேலை.

நம் சீனியர்கள் பலர் ஜி.பி.யாகவே இருந்திருக்கிறார்களே, ஏன்?

அவர்களில் பலர் விரும்பி அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. என்.எச்.எஸ். 1948 ஜூலை 5-இல் தொடங்கியது. அறுபது, எழுபதுகளில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களில் பலர் சர்ஜரியிலும் கார்டியாலஜியிலும் மேலே போக முடியாமல் முட்டி நின்றார்கள். உள்ளூர் டாக்டர்கள் போக மறுத்த வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளும் வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களும்தான் அவர்களுக்குக் கிடைத்தன. அங்கேயே முப்பது வருடம் இருந்து, தாயையும் மகளையும் பேத்தியையும் பார்த்தார்கள். நான் வேலை செய்யும் ஊரில் இன்னும் சில முதியவர்கள், பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாத அந்த 'பழைய டாக்டரை' பற்றிப் பேசுகிறார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "சர்ஜரி கிடைக்காது, அதனால் ஜி.பி." என்று இன்றும் சிலர் வருகிறார்கள். அன்றைக்கு அது அவர்கள் மேல் திணிக்கப்பட்டது. இன்றைக்கு நீங்களாக அப்படி வந்தால் இரண்டாவது வருடத்திலேயே சலித்துவிடும். ஆட்களோடு உட்கார்ந்து பேசப் பிடிக்காதவருக்கு இந்த வேலை தண்டனை.

எம்.பி.பி.எஸ். முடித்தவன் என்னென்ன படி ஏற வேண்டும்?

முதலில் ஆங்கிலத் தேர்வு: ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் மொத்தம் 7.5, நான்கு பிரிவிலும் 7-க்குக் குறையாமல், அல்லது ஓ.இ.டி.யில் நான்கிலும் 'பி'. அடுத்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு ஜி.எம்.சி. வைக்கும் பிளாப் தேர்வின் முதல் பகுதி: 3 மணி நேரம், 180 கேள்வி. இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் மட்டும்தான். நோயாளியாக நடிக்கும் ஆட்களோடு எட்டெட்டு நிமிடம், ஒன்றன்பின் ஒன்றாக அறை மாறிக்கொண்டே போக வேண்டும். கட்டணம் முதல் பகுதிக்கு ஏறத்தாழ 270 பவுண்டு, இரண்டாம் பகுதிக்கு ஏறத்தாழ 1,000. மான்செஸ்டர் பயணமும் தங்கும் செலவும் இதில் சேரவில்லை. இதோடு சான்றிதழ் சரிபார்ப்பு, ஹவுஸ் சர்ஜன் காலத்துக்கான அத்தாட்சி, மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்று. எல்லாம் சேர்ந்தால் ஜி.எம்.சி. பதிவு.

அதோடு நீங்கள் இங்கே டாக்டர். ஜி.பி. ஆகவில்லை. பயிற்சியில் சேர எம்.எஸ்.ஆர்.ஏ. என்ற போட்டித் தேர்வு எழுத வேண்டும். ஹவுஸ் சர்ஜனுக்குப் பிறகு ஒரு வருட அனுபவமும் கிரெஸ்ட் படிவமும் வேண்டும். கிரெஸ்ட் என்பது, இவர் பயிற்சிக்குத் தயார் என்று உங்களோடு குறைந்தது 3 மாதம் வேலை பார்த்த கன்சல்டன்ட் ஒருவர் பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்டுத் தருவது. இந்தியாவிலேயே வாங்கலாம். ஆனால் நம்மூர்த் துறைத் தலைவரைப் பிடித்து அத்தனை பக்கமும் நிரப்ப வைப்பது பிளாப்பைவிடக் கஷ்டம். முன்கூட்டியே போய் நில்லுங்கள். ஓய்வு பெறப்போகும் பேராசிரியரை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நான் ஊரிலேயே ஃபேமிலி மெடிசினில் டி.என்.பி. மேற்படிப்பு முடித்தவள். மறுபடி பயிற்சியா?

போர்ட்ஃபோலியோ பாதை என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பயிற்சியும் அனுபவமும் இங்கத்திய ஜி.பி.க்கு இணையானவை என்று ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் காகிதம் மலைபோலக் குவியும். தெற்காசியாவில் நடக்கும் எம்.ஆர்.சி.ஜி.பி. இன்டர்நேஷனலைத் தேறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயர் ஒன்றாக இருந்தாலும் அது மட்டும் இங்கே ஜி.பி. பதிவேட்டில் இடம் வாங்கித் தராது.

இப்போது வருவது புத்திசாலித்தனமா, அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'வேண்டாம்' என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் யோசித்து எழுதும் பதில் இதுதான்.

பிரிட்டன் வெளிநாட்டு டாக்டரைக் கூப்பிடுவதும் விரட்டுவதும் புதிதில்லை. 1975-இல் இந்தியப் பட்டங்களுக்கு இருந்த நேரடி அங்கீகாரத்தை ஜி.எம்.சி. நீக்கியது, பிளாப்பின் மூதாதையான தேர்வு அந்தக் காலத்தில் வந்ததுதான். 2006 ஏப்ரலில், ஒர்க் பெர்மிட் இல்லாமல் பயிற்சியில் சேரலாம் என்ற வசதியை ஒரே மாத முன்னறிவிப்போடு எடுத்தார்கள். பிளாப் எழுதிவிட்டு லண்டனில் அறை வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பாப்பியோ என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டு, அரசின் வழிகாட்டுதல் ஒன்று சட்டப்படி செல்லாது என்று 2008-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தீர்ப்பு வாங்கியது. அதற்குள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். 2019 அக்டோபரில் எல்லா மருத்துவர்களையும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்ததும் கதவு அகலத் திறந்தது. வெளிநாட்டில் படித்தவரும் பயிற்சி இடங்களுக்கு முதல் சுற்றிலேயே விண்ணப்பிக்கலாம் என்றானது. கூட்டம் குவிந்தது.

இப்போது மறுபடி சாத்துகிறார்கள். 2025 ஜூலையில் அரசு வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம், பயிற்சி இடங்களில் உள்நாட்டில் படித்தவர்களுக்கும், என்.எச்.எஸ்.ஸில் கணிசமான காலம் வேலை பார்த்தவர்களுக்கும் முன்னுரிமை என்று எழுதிவிட்டது. 2026 ஜனவரியில் அதற்கென்றே ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜி.பி. பயிற்சிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 இடங்கள்தான். விண்ணப்பங்கள் அதைப்போல் பல மடங்கு. பிளாப் தேறிய பிறகும் மருத்துவமனையில் சாதாரண வேலைகூடக் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்கே தெரியும். ஒரு பையன் விமானச் சீட்டும் பரீட்சையும் சேர்த்து ஏழெட்டு லட்சம் கடன் வாங்கி வந்தான். இரண்டு வருடம் கழித்து ஊருக்கே போய் மேற்படிப்பில் சேர்ந்தான். அவன் மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே என் ஆலோசனை: வேலை உத்தரவு கையில் இல்லாமல் இங்கே வந்து அறை எடுத்துத் தேடாதீர்கள். நகையை அடகு வைத்துப் பிளாப் எழுதாதீர்கள். ஊரில் வேலையை விடாமல், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் படிப்படியாக எழுத முடிந்தால் எழுதுங்கள். அந்த வருடத்து முன்னுரிமை விதியில் நீங்கள் எந்த வரிசையில் நிற்பீர்கள் என்று படித்துவிட்டு எழுதுங்கள்.

எம்.எஸ்.ஆர்.ஏ.வில் நம்மவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மருத்துவக் கேள்விகளில் இல்லை. அதில் நாம் புலி. இன்னொரு தாள் இருக்கிறது, 'தொழில்சார் தர்மசங்கடங்கள்' என்று மொழிபெயர்க்கலாம். காலை ரவுண்டுக்கு வந்த சக டாக்டரிடம் சாராய வாடை அடிக்கிறது, என்ன செய்வீர்கள்? ஐந்து வழி கொடுத்து, எது முதலில், எது கடைசியில் என்று வரிசைப்படுத்தச் சொல்வார்கள். நம் கை தானாக "அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே அவன் வேலையையும் பார்ப்பேன்" என்பதை முதலில் வைக்கும். நட்பு! அவர்கள் பார்ப்பது நோயாளிக்கு ஆபத்து நீங்கியதா, மேலே இருப்பவருக்குத் தெரிவித்தீர்களா என்பதை. ஜி.எம்.சி.யின் 'நல்ல மருத்துவப் பணி' கையேட்டை நிதானமாக நாலு தடவை படித்தால் இந்தத் தாள் பாதி முடிந்தது.

ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 8 வாங்கியிருக்கிறேன். மொழிப் பிரச்சினை இருக்காது அல்லவா?

இருக்கும். முதல் வாரம் ஒரு தாத்தா "நாட் டூ பேட், டாக்" என்றார். நலமாக இருக்கிறார் என்று எழுதிக்கொண்டேன். அவருக்கு நெஞ்சுவலி. இங்கத்திய முதியவர்கள் உடம்பைப் பற்றிக் குறைத்துத்தான் சொல்வார்கள். "கொஞ்சம் தொந்தரவு" என்று வந்தால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். யார்க்‌ஷயரில் 'நௌட்' என்றால் ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்தில் 'பீலி வாலி' என்றால் முகம் வெளிறிப்போயிருப்பது. தேர்வில் இதெல்லாம் வராது. பஸ்ஸில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுத்தான் வரும்.

நோயாளியைப் பார்க்கும் முறையில் அப்படி என்ன வித்தியாசம்? வியாதி ஒன்றுதானே?

வியாதி ஒன்றுதான். அறைக்குள் நடப்பது வேறு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலையில் நூற்றுக்கு மேல் ஓ.பி. பார்த்திருக்கிறேன். ஸ்டெத்தை வைப்பேன், எழுதுவேன், அடுத்தது. "ஒரு ஊசி போட்டு விடுங்க சார்" என்றால் போட்டுவிட்டு விடுவேன். அங்கே நான் சொன்னதே முடிவு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இங்கே ஒருவருக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று விஷயம் கேட்டாக வேண்டும்: இது என்னவாக இருக்கும் என்று அவரே நினைக்கிறார், எதை நினைத்துப் பயப்படுகிறார், என்னிடம் என்ன எதிர்பார்த்து வந்தார். முதலில் எனக்கு இது நாடகமாகத் தெரிந்தது. "உங்களுக்கு என்ன என்று நீங்களே நினைக்கிறீர்கள்?" என்று என் ட்ரெய்னர் முன்னால் ஒரு பெண்ணிடம் கேட்டேன். "அதைத் தெரிந்துகொள்ளத்தானே உங்களிடம் வந்தேன்" என்றாள். அவமானமாக இருந்தது. அப்புறம்தான் கேட்கும் பதம் பிடிபட்டது. தலைவலி என்று வந்த லாரி டிரைவரிடம், "வேறு ஏதாவது மனசில் ஓடுகிறதா?" என்று மட்டும் கேட்டேன். அவருடைய அண்ணன் மூளைக் கட்டியில் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு மாத்திரை தேவைப்படவில்லை. கண்ணின் பின்பகுதியை நான் பார்த்து, ஏன் இது கட்டி இல்லை என்று நினைக்கிறேன் என்பதைச் சொன்னது போதும்.

அடுத்தது, தெரியாது என்று சொல்வது. நம்மூரில் டாக்டர் "தெரியவில்லை" என்றால் நோயாளி வேறு டாக்டரிடம் போய்விடுவார். இங்கே, "இப்போதைக்கு வைரஸ் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம், ஆனால் மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே கூப்பிடுங்கள்" என்று சொல்லி, சொன்னதை எழுதியும் வைக்க வேண்டும். அடியில் வலை கட்டுவது என்று இதற்குப் பெயர். ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் அனுப்ப இந்த வலைதான் துணை. எம்.ஆர்.சி.ஜி.பி.யின் எஸ்.சி.ஏ. தேர்வில் 12 நோயாளி, ஒவ்வொருவருக்கும் 12 நிமிடம், எல்லாம் ஆன்லைனில். அதில் நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். நோயைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எதிரில் இருப்பவரை முடிவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, கூட வருகிறவர்கள். நம் நோயாளியோடு குடும்பமே உள்ளே வரும். கணவர் பதில் சொல்வார், மாமியார் திருத்துவார். இங்கே பதினைந்து வயதுப் பெண் தனியாக வந்து கருத்தடை கேட்டால், அவளுக்குப் புரியும் பக்குவம் இருக்கிறதா என்று பார்த்து, அம்மாவிடம் சொல்லாமலே கொடுக்கலாம். 1985-இல் பிரபுக்கள் சபை கொடுத்த கில்லிக் தீர்ப்பு அது. முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குள் இருந்த அப்பா ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். அவரை வெளியே உட்கார வைக்க ஒரு வருடம் ஆயிற்று.

தமிழ் நோயாளிகள் வருவார்களா?

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் வேலை என்றால் நிறைய. அங்கே ஈழத் தமிழர் அதிகம். நம்மூர்த் தமிழ் போதும் என்று நினைக்காதீர்கள். லண்டனில் பயிற்சியில் இருந்தபோது ஒரு அம்மா, "ரெண்டு நாளாச் சத்தி, தடிமனும் கிடக்கு, உடம்பெல்லாம் நோகுது, ஒண்டும் ஏலாது" என்றார். சத்தி வாந்தி, தடிமன் ஜலதோஷம், ஏலாது என்றால் முடியவில்லை. "வயித்தாலை போகுது" என்பது நம் பேதி. ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகியபின் அவர்கள் சொல்லும் மற்றவையும் காதில் விழும். போரில் தொலைந்த பிள்ளையைப் பற்றிய பேச்சு, 'நெஞ்சு பாரமா இருக்கு' என்ற ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும். அதற்கு ஈ.சி.ஜி. எடுத்தாலும் பதில் வராது, எடுக்காமலும் இருக்க முடியாது.

மகன் மொழிபெயர்க்க அம்மா பேசுவது மட்டும் வேண்டாம். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் உண்டு, கூப்பிடுங்கள்.

பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம்தானே? ஜி.பி. பற்றாக்குறை என்று செய்தியில் வருகிறதே?

இங்கே ஒரு விசித்திரம். நோயாளிகள் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் அலைகிறார்கள், பயிற்சி முடித்த ஜி.பி.க்களோ வேலை இல்லாமல் இருந்தார்கள். பிராக்டிஸ்களுக்கு, அதாவது ஜி.பி. கிளினிக்குகளுக்கு, தனியாக வந்த ஊழியர் நிதியில் மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரையும் எடுக்கலாம், ஜி.பி.யை எடுக்க முடியாது என்று விதி இருந்தது. 2024 ஆகஸ்டில் அரசு 82 மில்லியன் பவுண்டு ஒதுக்கி, புதிய ஜி.பி. 1,000 பேரை அந்த நிதியில் எடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. நிலைமை கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பயிற்சி 3 ஆண்டு. இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு 5 ஆண்டு என்ற கணக்கு இருந்தது. அரசின் 2025 மே மாதக் குடியேற்ற வெள்ளை அறிக்கை அதைப் பொதுவாக 10 ஆண்டாக்கப் போவதாகச் சொன்னது. பயிற்சியின்போது விசாவுக்கு என்.எச்.எஸ். பொறுப்பு. முடிந்த மறுநாள் முதல், வெளிநாட்டவரை விசா கொடுத்து வேலைக்கு எடுக்கும் ஸ்பான்சர் உரிமம் உள்ள பிராக்டிஸை நீங்களே தேட வேண்டும். பல பிராக்டிஸ்கள் நாலைந்து பங்குதாரர் நடத்தும் சின்ன இடங்கள், உரிமம் வாங்கியே இருக்க மாட்டார்கள். கடைசி வருடம் தொடங்கும்போதே விசாரியுங்கள்.

சம்பளம்?

2025-26 கணக்கில், பயிற்சியின் முதல் இரண்டு வருடம் அடிப்படை 52,656 பவுண்டு. முடித்தபின் முழுநேரச் சம்பள ஜி.பி.க்கு ஏறத்தாழ 76,000 முதல் 1,15,000 வரை. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். 50,270-க்கு மேல் 40 சதவீதம் வரி. 1,00,000 தாண்டினால் வரியில்லாச் சலுகை கரையத் தொடங்கும், சின்னக் குழந்தை இருந்தால், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அரசு தரும் இலவசப் பராமரிப்பு மணி நேரமும் போய்விடும். பலர் வாரம் மூன்று நாள், நான்கு நாள் மட்டுமே வேலை செய்வது சோம்பலால் இல்லை. ஒரு நாளுக்கு முப்பது பேரைப் பார்த்து, அதற்கு மேல் ரிப்போர்ட்களும் கடிதங்களும் மருந்துச் சீட்டுகளும் முடித்தால் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

நிறத்தைப் பார்ப்பார்களா?

சிலர் பார்ப்பார்கள். "இங்கிலீஷ் டாக்டர் இல்லையா?" என்று கேட்டவர் உண்டு, அதே ஆள் மறுமாதம் என்னையே கேட்டு வந்ததும் உண்டு. எம்.ஆர்.சி.ஜி.பி. தேர்வில் வெளிநாட்டுப் பட்டதாரிகளின் தேர்ச்சி குறைவாக இருப்பதை எதிர்த்து பாப்பியோ 2014-இல் உயர் நீதிமன்றம் போனது. வழக்கு தோற்றது. ஆனாலும் அந்த இடைவெளியைப் பற்றி ராயல் காலேஜ் ஏதாவது செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நீதிபதி சொன்னார்.

ஆஸ்திரேலியா எப்படி?

இங்கே பயிற்சி முடித்த ஜி.பி.க்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து அங்கே விரைவுப் பாதை திறந்திருக்கிறது, போகிறவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டில் படித்தவர் அங்கத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பில் போட, பொதுவாக 10 ஆண்டு மருத்துவர் குறைவான பகுதியில் இருக்க வேண்டும். நகரம் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவை நிரந்தரமாகக் கூட்டி வரலாமா?

ஏறக்குறைய முடியாது. 2012 ஜூலையில் விதியை இறுக்கிவிட்டார்கள். அன்றாடக் காரியத்துக்கே இன்னொருவர் உதவி வேண்டும், அந்த உதவி ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் ஆள் வைக்க முடியும் என்பது அவர்களுக்கும் தெரியும். விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு 6 மாதம் வரை தங்கலாம். ஜி.பி.யைப் பார்ப்பது இலவசம், ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்.எச்.எஸ். செலவில் ஒன்றரை மடங்கு பில் வரும். அதனால் பயணக் காப்பீட்டில் சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காமல் எழுதுங்கள், தங்கப்போகும் காலம் முழுவதுக்குமான மாத்திரையைச் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

என் அம்மா மே மாதம் வருவார், செப்டம்பரில் குளிர் தொடங்குமுன் கிளம்பிவிடுவார். அவருடைய சர்க்கரையை ஊரில் பார்ப்பது என்னோடு ஹவுஸ் சர்ஜனாக இருந்த நண்பன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவான். நான் பார்த்துவிட்டு "சரி" என்று மட்டும் பதில் போடுவேன். அவன் எழுதிய மருந்தில் கை வைப்பதில்லை.